செட்டிநாட்டுச் சாலையும் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், திருமயம் வட்டாரத்தில் பஸ் ஓட்டுகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள், டிப்பர் லாரி போகும்போதெல்லாம் வீட்டுச் சுவர் அதிர்கிறவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. "புதுச் சட்டம் வந்துருச்சாமே" என்று தொடங்கும் பேச்சில் பாதி, சட்டமன்றத்தின் பக்கமே போகாத ஏதோ ஓர் அறிவிக்கையைப் பற்றியதாக இருக்கும். அதனால் எந்த மாற்றமானாலும் இங்கே மூன்று விஷயம்தான் பார்க்கிறோம்: யார் போட்டது, எந்தப் பிரிவின் கீழ் போட்டது, போட வேண்டிய முறைப்படி போட்டதா. மாற்றம் நல்லதா கெட்டதா என்பது அதற்கு அடுத்த பேச்சு. ஊருக்கு நல்லது செய்யும் ஆணைகூட இந்த மூன்றில் ஒன்றில் சறுக்கினால் நீதிமன்றத்தில் விழுந்துவிடும்.

சாலைப் போக்குவரத்துச் சட்டம் மத்திய அரசுடையதா, மாநில அரசுடையதா?

இரண்டு பேருடையதும்தான். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில் 35ஆவது இனமாக இருக்கின்றன. நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம். வாகன வரி மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். ஆனால் அந்த வரிக்கான கொள்கைகளைப் பொதுப் பட்டியலின் 35ஆவது இனத்தின் கீழ் நாடாளுமன்றம் வகுக்கலாம். தேசிய நெடுஞ்சாலைகள் முழுக்க மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. மற்றச் சாலைகள் மாநிலத்துக்கு.

இதனால்தான் ஒரே பஸ்ஸுக்கு மூன்று இடத்துச் சட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெர்மிட்டுக்கும் லைசென்ஸுக்கும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வரிக்கு 1974ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம். டோல்கேட்டுக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளும்.

மத்தியச் சட்டம் இருக்கும்போது மாநிலம் தனியாகச் சட்டம் போட்டால் அது செல்லுமா?

முரண் இல்லையென்றால் செல்லும். முரண் இருந்தால் அரசியலமைப்பின் 254ஆவது பிரிவு பேசும்: பொதுப் பட்டியல் விஷயத்தில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால், மோதுகிற அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும். ஆனால் நாடாளுமன்றம் நினைத்தால் பின்னால் ஒரு சட்டம் போட்டு அதையும் மாற்றிவிடலாம். அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது.

எதை "முரண்" என்பது? இதற்கு அளவுகோல் வைத்த தீர்ப்புகளில் முக்கியமானது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. மு. கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம், 1979. இரண்டு சட்டமும் ஒரே களத்தில் நேருக்கு நேர் மோத வேண்டும். ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீறித்தான் ஆக வேண்டும் என்கிற நிலை இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியுமானால் முரண் இல்லை. போக்குவரத்தில் இதைப் பொருத்திப் பார்த்தது 1990இல் வந்த விஜயகுமார் சர்மா வழக்கு. ஒப்பந்த வண்டிகளை (முழு வண்டியாக வாடகைக்குப் போகிறவற்றை) அரசு கையகப்படுத்தும் கர்நாடகச் சட்டம் 1976ஆம் ஆண்டுடையது. 1988இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்ததால் அது செத்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் வாதாடினார்கள். பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்பவில்லை: ஒன்று கையகப்படுத்தல் பற்றியது, மற்றது வண்டிகளை ஒழுங்குபடுத்துவது பற்றியது, இரண்டும் வேறு வேறு களம் என்றார்கள். ஒரு நீதிபதி மாறுபட்டார். தெளிவாகத் தெரிகிற முரண்கூட மூன்று நீதிபதிகளுக்கு ஒரே மாதிரி தெரிவதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்புதல் வாங்கிய மாநிலச் சட்டம் விழுந்த கதை ஏதாவது உண்டா?

உண்டு. புறவழிச்சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள், கொடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

மாநில நெடுஞ்சாலைத் துறை நிலம் எடுப்பது 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. 2013இல் நாடாளுமன்றம் புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் போட்டது. சமூகத் தாக்க மதிப்பீடு, கூடுதல் இழப்பீடு, மறுவாழ்வு என்று நிலக்காரர் பக்கம் நின்ற சட்டம் அது. அதிலிருந்து தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு விலக்கு வேண்டும் என்று தமிழ்நாடு அந்தச் சட்டத்திலேயே 105அ என்ற பிரிவைச் சேர்த்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலையும் வாங்கியது. நெடுஞ்சாலைகள் சட்டம் அந்த மூன்றில் ஒன்று.

2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. புதிய மத்தியச் சட்டம் வந்தவுடனே பழைய மாநிலச் சட்டங்கள் முரணாகி இறந்துவிட்டன. இறந்த சட்டத்துக்கு விலக்குக் கொடுத்து உயிர் தர முடியாது. உயிர் வேண்டுமென்றால் சட்டமன்றம் மறுபடி சட்டம் இயற்றி, மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

அரசு அதே வழியில் போனது. 2019லேயே புத்துயிர்ப்பு, திருத்தம், செல்லுபடியாக்கல் என்று ஒரு சட்டம் போட்டு ஒப்புதல் வாங்கியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஜி. மோகன்ராவ் வழக்கில், அது செல்லும் என்றது. ஆக இன்று மாநிலச் சாலைக்கு நிலம் எடுப்பது 2001ஆம் ஆண்டுச் சட்டப்படியே நடக்கிறது. நிலம் இழக்கிறவர் பார்வையில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு பல இங்கே இல்லாமல் போனது வருத்தமான விஷயம்தான். ஆனால் "சட்டமே செல்லாது" என்று இன்று போய் நின்றால் வழக்கு நிற்காது. இழப்பீட்டுத் தொகையை எதிர்த்து வாதாடுவதில்தான் பலன் உண்டு.

செட்டிநாடு சிவகங்கை (டிஎன் 63), புதுக்கோட்டை (டிஎன் 55) என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. டிஎன் 63க்கு ஒரு சட்டம், டிஎன் 55க்கு ஒரு சட்டமா?

சட்டம் ஒன்றுதான். ஒரு காலத்தில் இரண்டாகத்தான் இருந்தது. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை தனிச் சமஸ்தானம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பிரிட்டிஷ் மாகாணம். காரைக்குடியிலிருந்து ராயவரத்துக்கோ கோனாப்பட்டுக்கோ கார் எடுத்துப் போன நகரத்தார் வேறொரு ஆட்சியின் எல்லைக்குள் போனார்கள். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு எழுதப்பட்டது.

இன்று வித்தியாசம் அலுவலக எல்லையில்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வந்த 2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்தில் எந்தப் பதிவு அலுவலகத்திலும் வண்டியைப் பதியலாம், லைசென்ஸும் எங்கும் கேட்கலாம். பெர்மிட் மட்டும் இன்னும் எல்லை பார்க்கும். காரைக்குடியிலிருந்து பொன்னமராவதிக்கு ஒரு பஸ் என்றால் பாதை சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் ஓடுகிறது. பாதையின் பெரும்பகுதி எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அங்கேதான் மனு கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 69ஆவது பிரிவு. தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

2019 திருத்தத்தில் மாநிலத்தின் அதிகாரம் பறிபோனது என்கிறார்களே?

பாதி உண்மை. இந்தத் திருத்தம் 2017 ஏப்ரலில் மக்களவையைத் தாண்டி, மாநிலங்களவையில் மாட்டி, அந்த மக்களவை முடிந்தபோது காலாவதியானது. மாநிலங்கள் பல எதிர்த்தன, தமிழ்நாடும்தான். மறுபடி கொண்டுவந்து 2019 ஆகஸ்டில் சட்டமானது. பெரும்பகுதி செப்டம்பர் 1 முதல் அமல்.

போனது என்ன? 88அ என்ற புதிய பிரிவின்படி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் போக்குவரத்துக்கு மத்திய அரசு தானே திட்டம் போடலாம். மாநிலங்கள் சேர்ந்து போடும் திட்டத்தோடு அது மோதினால் மத்தியத் திட்டமே நிற்கும். வந்தது என்ன? 67ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு. கிராமப் போக்குவரத்து, கடைசிக் கிலோமீட்டர் வசதி, நெரிசல் குறைப்பு போன்ற காரணங்களுக்காக, "இச்சட்டத்தில் வேறு எது இருந்தபோதிலும்", மாநில அரசு பெர்மிட்டுகளை மாற்றியமைக்கலாம், புதிய திட்டமும் போடலாம். செட்டிநாடு மாதிரி பெரிய ஊர்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஊர்கள் சிதறிக் கிடக்கும் வட்டாரத்துக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை என்பது என் எண்ணம். பறிபோனதைப் பேசிய அளவுக்குக் கையில் கிடைத்ததை யாரும் பேசவில்லை.

தனியாருக்குப் புதிய பஸ் பெர்மிட் ஏன் கிடைப்பதில்லை? 1988ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமயம் என்றார்களே?

சட்டத்துக்குள் இரண்டு அத்தியாயங்கள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. அதைப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

ஐந்தாவது அத்தியாயம் தாராளமானது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவர் புதிய பெர்மிட் கேட்டால், அதே பாதையில் ஏற்கெனவே ஓட்டுகிறவர் வந்து ஆட்சேபணை சொல்லலாம். அப்படிச் சொல்லியே ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. மனு வந்தால் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்கிறது 80ஆவது பிரிவு. பழைய முதலாளிகள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். மிதிலேஷ் கார்க் வழக்கில் 1991இல், போட்டி வருவது உங்கள் உரிமையைப் பறிப்பதாகாது என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆறாவது அத்தியாயம் நேர்மாறு. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்காக ஒரு பாதையையோ ஒரு வட்டாரத்தையோ ஒதுக்கித் திட்டம் போடலாம். அந்தத் திட்டம் ஐந்தாவது அத்தியாயத்துக்கு மேல் நிற்கும் என்று 98ஆவது பிரிவு சொல்லிவிட்டது. திட்டம் உள்ள வட்டாரத்தில் திட்டத்தில் சொன்னபடி தவிர வேறு பெர்மிட் கொடுக்கக் கூடாது என்கிறது 104. தமிழ்நாட்டில் இந்த வட்டாரத் திட்டங்கள் பரவலாக இருக்கின்றன. கதவு ஒரு பக்கம் திறந்திருக்க, மறுபக்கம் சாத்தியிருப்பது இதனால்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொள்ள மாநிலம் சட்டம் போட்டது. டிவிஎஸ் பஸ்கள் அரசிடம் வந்து, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பின்னால் அதிலிருந்து பிரிந்து காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸை இந்த ஊரில் இன்னும் நினைவு வைத்திருப்பவர்கள் அதிகம். இப்போது அது கும்பகோணம் கழகத்தின் காரைக்குடி மண்டலம். சின்ன முதலாளிகளின் பெர்மிட்டுகள் வட்டாரத் திட்டங்களில் அடிபட்டுப் போகாமல் காக்க 1992இல் தனியாக ஒரு சிறப்பு ஏற்பாடுகள் சட்டமும் போட்டார்கள். நம் பக்கம் தனியார் ரூட் பஸ்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்குப் பின்னால் இந்த மாதிரிச் சட்டக் கட்டுமானம் இருக்கிறது.

அந்தத் திட்டத்தை எதிர்க்க முடியுமா?

முடியும், ஆனால் நேரம் முக்கியம். 99ஆவது பிரிவின்படி வரைவுத் திட்டம் அரசிதழில் வர வேண்டும், வட்டார மொழிப் பத்திரிகையிலும் வர வேண்டும். வந்த 30 நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தவரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் அரசு ஒப்புதல் தர முடியும். ஓராண்டுக்குள் ஒப்புதல் வராவிட்டால் வரைவு தானாகக் காலாவதி. ஒப்புதலான பிறகு திருத்த வேண்டுமானால் 102ஆவது பிரிவு. முப்பது நாள் போன பிறகு சங்கம் கூட்டி உண்ணாவிரதம் இருப்பதால் சட்டத்தில் எதுவும் நகராது.

மினி பஸ் திட்டம் சட்டப்படி எதில் நிற்கிறது?

மேலே சொன்ன வட்டாரத் திட்டங்களைத் திருத்தி, அவற்றுக்குள் ஒரு சந்து விட்டதுதான் மினி பஸ். 1997இல் தொடங்கிய பழைய திட்டத்தில் மொத்தப் பாதை 20 கிலோமீட்டர். அதில் 4 கிலோமீட்டர் மட்டும் ஏற்கெனவே பஸ் ஓடும் சாலையில் போகலாம், மீதி பஸ் பார்க்காத சாலையாக இருக்க வேண்டும். பஸ் இல்லாத ஊரிலிருந்து ஆளை ஏற்றி, ரயில் நிலையத்துக்கோ பெரியாஸ்பத்திரிக்கோ போக முடியாமல் ஊர் எல்லையில் இறக்கிவிட்டால் யார் ஏறுவார்கள்? பல மினி பஸ்கள் நின்றுபோனதற்கு இந்த 4 கிலோமீட்டரும் ஒரு காரணம்.

2024இல் புதிய விரிவான மினி பஸ் திட்டத்தின் வரைவு வந்தது. ஆட்சேபணை கேட்டு, இறுதி செய்து, 2025 மே 1 முதல் அமலாக்கினார்கள். பாதை 25 கிலோமீட்டர் வரை போகலாம். பழைய பெர்மிட்காரர்கள் விரும்பினால் புதிய திட்டத்துக்கு மாறலாம். வரைவு, கேட்பு, அறிவிக்கை என்ற வரிசையில் வந்ததால் இதன் அடித்தளம் உறுதியானது. தனிப்பட்ட ஒரு பாதையை ஒதுக்கியதில் தவறு என்றால் அதை மட்டும் எதிர்க்கலாம்.

எங்கள் ஊருக்கு மினி பஸ் வேண்டும். யாரிடம் கேட்பது?

மாவட்ட ஆட்சியரிடம். கூடவே வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு நகல். "பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊர் வழியாக எங்கே முடிய வேண்டும், அதில் பஸ் ஓடாத தூரம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் தேவை என்று எழுதுங்கள். கிராமசபைத் தீர்மானம் இருந்தால் இணையுங்கள். அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் கோப்பில் கனம் சேர்க்கும்.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம். அதே பாதையில் தனியார் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் ஏன் காசு?

2021 மே 8 முதல் நடக்கும் கட்டணமில்லாப் பயணம் சட்டத் திருத்தம் எதுவும் இல்லாமல் அரசாணையால் வந்தது. அரசு தன் கழகங்களின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கொடுத்து, அந்த வருவாய் இழப்பைத் தானே ஈடு செய்கிறது. தனியாருக்கு அப்படி ஈடு இல்லை. 67ஆவது பிரிவில் கட்டணம் நிர்ணயிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு; ஆனால் ஈடு கொடுக்காமல் தனியாரை இலவசமாக ஓட்டச் சொன்னால், தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் கட்டுப்படுத்துகிறார்கள் என்று வழக்கு வரும்; வந்தால் அரசு பதில் சொல்லத் திணறும். நடத்துநரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

சென்னைக்கு ஓம்னி பஸ்ஸில் போகிறோம். வழியில் கை காட்டினால் ஏற்றுகிறார்கள். அது சரியா?

இல்லை. ஓம்னி பஸ் ஒப்பந்த வண்டி. ஒப்பந்தத்தில் உள்ள ஆட்களை ஏற்றி இறக்கலாமே தவிர, தனித்தனியாக டிக்கெட் கொடுத்து நிறுத்தம் நிறுத்தமாக ஆள் ஏற்றுவது ரூட் பஸ்ஸின் வேலை. நடைமுறையில் முன்பதிவு, ஏறுமிடம் என்று எல்லாம் ரூட் பஸ் மாதிரியே நடக்கிறது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தைப்பூசம், பொங்கல், தீபாவளிக்குக் காரைக்குடிக்கு வர வேறு வழியில்லை என்பதும் உண்மை. சட்டத்தை நடைமுறைக்குப் பொருத்துவதா, நடைமுறையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதா என்று முடிவெடுக்காமலே காலம் ஓடுகிறது.

வேறு மாநிலத்தில் பதிந்து இங்கே ஓடும் ஓம்னி பஸ்கள் தனிச் சண்டை. அவை அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட்டில் ஓடுகின்றன. அந்த பெர்மிட்டுக்கான விதி 2023இல் மத்திய அரசு போட்டது. மாநிலம் அந்த பெர்மிட்டையே மறுக்க முடியாது. ஆனால் சுற்றுலா பெர்மிட்டை வைத்து ரூட் பஸ் ஓட்டினால் நிபந்தனை மீறல் என்று பிடிக்கலாம். வாதம் எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாயை மாநிலம் குறைக்கலாமா? குஜராத்தில் குறைத்தார்களே?

200ஆவது பிரிவின்படி நீதிமன்றம் போகாமல் முடித்துக்கொள்ளும் தொகையை, அதாவது நாம் ஸ்பாட் ஃபைன் என்பதை, மாநிலம் அறிவிக்கலாம். 2019இல் குஜராத் அதைக் குறைத்தது. சட்டத்தில் குறைந்தபட்சம் என்று சொன்ன தொகைக்குக் கீழே போக முடியாது என்பது அட்டர்னி ஜெனரலின் கருத்து. அதை மேற்கோள் காட்டி 2020 ஜனவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அது கருத்துதான், தீர்ப்பு இல்லை. தமிழ்நாடு மூன்று ஆண்டு பொறுத்து 2022 அக்டோபரில் உயர்த்திய தொகைகளை அறிவித்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டாலும் 10,000.

மேலே ஏற்றுவதற்கு வழி தாராளம். 210அ பிரிவின்படி மாநிலம் அபராதத்தைப் பத்து மடங்கு வரை பெருக்கலாம். அடுத்த பிரிவான 210ஆ பலருக்குத் தெரியாது: இந்தச் சட்டத்தை அமலாக்கும் அதிகாரமுள்ளவரே அதை மீறினால் இரண்டு மடங்கு அபராதம். சாலையில் நின்று அந்தப் பிரிவை ஒப்பிக்கச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் இடித்துவிட்டு ஓடினால் பத்து ஆண்டு ஜெயில் என்கிற சட்டம் அமலில் இருக்கிறதா?

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு அது. 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2024 ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகள் அமலானபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்து, அச்சிலும் வந்த பிறகு அமலாகாமல் நிற்கும் சட்டம் இப்படித்தான் இருக்கும். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைத் தண்டிக்கும் 106(1) அமலில் உண்டு. அதனால் யாரும் ஓடிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் தெருவில் டிப்பர் லாரி வரக் கூடாது என்று ஊராட்சியில் தீர்மானம் போட்டோம். லாரிக்காரர் மதிக்கவில்லை.

அவர் மதிக்க வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. வாகனங்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் 115ஆவது பிரிவில் மாநில அரசுக்கு, அல்லது அரசு அதிகாரம் கொடுத்தவருக்கு. பொதுப் பாதுகாப்பு, பொதுமக்கள் வசதி, சாலையின் தன்மை என்று காரணம் காட்டி அரசிதழில் அறிவித்து, அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடையென்றால் அரசிதழ் வேண்டாம், உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். திருவிழா நேரத்து மாற்றுப்பாதை எல்லாம் இந்த ஒரு மாதக் கணக்கில்தான்.

கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் நூறு ஆண்டு தாண்டிய வீடுகள் தெருவையொட்டி நிற்கின்றன. சுண்ணாம்புச் சுவரும் தேக்குத் தூணும் கனரக வண்டியின் அதிர்வுக்குக் கட்டப்பட்டவை இல்லை. சாலையின் தன்மை என்ற காரணம் இங்கே அழகாகப் பொருந்தும். தீர்மானத்தைச் சுவரில் ஒட்டுவதற்குப் பதில், 115ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு மனு கொடுங்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

அளவுக்கு மேல் பாரம் ஏற்றி வந்தால் அது வேறு குற்றம். 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000மும். தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை, எடை போட ஆள் வந்தால் போதும்.

உள்ளூர்க்காரர்களுக்கு டோல் வேண்டாம் என்று மாநில அரசு சொல்லலாமா?

தேசிய நெடுஞ்சாலையில் சொல்ல முடியாது. அது மத்தியப் பட்டியல். கடிதம் எழுதலாம். மத்திய விதியிலேயே டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருப்பவரின் வணிகம் சாராத வண்டிக்கு மாதச் சலுகை அட்டை உண்டு, அதை வாங்கிக்கொள்ளலாம்.

கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் குட்டி யானையில் ஆள் ஏற்றிப் போகிறோம். என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாது. ஆனால் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது பெர்மிட் மீறல். 192அ பிரிவில் 10,000 ரூபாயும் சிறையும் வரலாம். அதைவிடப் பெரிய அடி காப்பீட்டில். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீடு வண்டிக்காரர் தலையில்தான் விழும். ஒரு குட்டி யானையின் விலையைப் போல் பல மடங்கு. 1994 திருத்தத்துக்குப் பிறகு சரக்கின் உரிமையாளரோ அவர் அனுப்பிய ஆளோ கூடப் போனால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆகவே சீர்வரிசைச் சாமானோடு ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போகலாம். பின்னால் சாமானோடு சாமானாகப் பத்துப் பேர் போக முடியாது. டிராக்டர் டிரெய்லருக்கும் இதே கதைதான்.

கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு வாடகை வேன், லோடு வண்டி ஓட்டலாமா?

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குக் கீழே என்றால் ஓட்டலாம், தனியாக பேட்ஜ் தேவையில்லை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ரம்பா தேவி வழக்கில், இதை முடித்து வைத்தது. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி இதில் சேராது.

பெர்மிட்டை மறுத்தால் எங்கே போவது?

முதலில் 89ஆவது பிரிவில் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். நேரே உயர் நீதிமன்றம் போனால் "தீர்ப்பாயம் போனீர்களா" என்றுதான் கேட்பார்கள். சட்டமோ விதியோ அறிவிக்கையோ செல்லாது என்று வாதாட வேண்டுமென்றால் மட்டும் ரிட் மனு. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுக்கும் மதுரைக் கிளை.

ஓர் அரசாணை செல்லுமா என்று நாமே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு. ஆணையின் முதல் பத்தியில் எந்தப் பிரிவின் கீழ் என்று இருக்கும். அந்தப் பிரிவு உண்மையில் அந்த அதிகாரத்தைத் தருகிறதா என்று பாருங்கள். அது "விதி" என்றால் 212ஆவது பிரிவுப்படி முன்கூட்டியே வரைவு வெளியாகியிருக்க வேண்டும், பிறகு சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். அரசிதழில் வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அரசிதழ் எண் இல்லாவிட்டால் பதற வேண்டாம். அப்புறம் வக்கீலிடம் போங்கள்; இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் அவருக்கும் வேலை மிச்சம்.

கொட்டகையில் தாத்தா காலத்துக் கார் நிற்கிறது. பழைய வண்டிகளை அழிக்கிற சட்டம் வந்துவிட்டதாமே?

அழிக்கச் சொல்லி யாரும் வரமாட்டார்கள். 50 ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பழம்பெரும் வாகனப் பிரிவில் பதியலாம். எண்ணில் விஏ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சிக்கு, பழுது பார்க்க, எரிபொருள் போட, பழைய கார் ஊர்வலத்துக்கு எடுத்துப் போகலாம். தினமும் கடைக்குப் போகவோ, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடவோ முடியாது. மலேசியாவில் இருக்கும் பங்காளிகளுக்கும் அந்தக் காரில் பங்கு இருந்தால், பதிவு யார் பெயரில் என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள்.